ஜியாண்ட்4, ஃபுளூகா: பிழை நேர்ந்த நிகழ்வை எதில் பிடிக்கலாம்?

அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகி நிலத்தை வந்தடையும் மியூவோன் என்னும் துணிக்கைகளை அளக்கும் சிறிய கருவி ஒன்றைக் கட்டுவதற்கு முன்னர் அதனைக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்பி, கொக்குவிலில் என் வீட்டுக் கணினியில் துணிக்கைகள் பொருள்களினூடாகச் செல்வதைப் பாவனை செய்யும் ஜியாண்ட்4, ஃபுளூகா ஆகிய இரண்டு மென்பொருள்களையும் நிறுவி, ஒரே கருவியை இரண்டிலும் எழுதினேன். இறுதியில் ஜியாண்ட்4 ஐத் தெரிந்தெடுத்தேன். பௌதிகவியல் அளவில் இரண்டும் நம்பத்தக்கவை என்பதால் அதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஓட்டத்தில் பிழை நேர்ந்தால், பிழை நேர்ந்த அந்த ஒரு நிகழ்வை, அதாவது ஒரு மியூவோனின் பயணத்தை மாத்திரம் தனியே எடுத்து மீண்டும் ஓட்டிப் பார்க்க முடிகிறதா என்பதே என் தெரிவைத் தீர்மானித்தது.

முதல் அறிமுகத்தில் ஃபுளூகாவே இலகுவானது. அட்டைகள் எனப்படும் உள்ளீட்டு வரிகளை நிரப்பினால் போதும். ஃபிளேர் என்னும் வரைகலை இடைமுகமும் துணைக்கு உண்டு. 1998 இல் முதன்முதலாக வெளிவந்த ஜியாண்ட்4 ஒரு சி++ நிரல் தொகுதி; அதில் கருவியின் ஒவ்வொரு பகுதியையும் பயனரே நிரலாக எழுத வேண்டும். ஆயினும் அதன் மூல நிரலை எவரும் தரவிறக்கி வாசிக்கலாம். ஃபுளூகாவைப் பெறுவதற்குப் பதிவும் உரிம ஒப்புதலும் வேண்டும்.

என் கருவியில் துணிக்கை கடக்கும்போது ஒளிரும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டரால் ஆன, 1 செ.மீ. தடிப்புள்ள தகடுகள் இரண்டும், அவற்றின் நடுவே ஓர் அலுமினியத் தட்டும் இருந்தன. செங்குத்தாக வரும் மியூவோன் அத்தகைய தகடு ஒன்றில் ஏறத்தாழ 2 மெகா இலத்திரன்வோல்ட் சக்தியை விட்டுச் செல்ல வேண்டும். எனக்கோ சக்திப் பரம்பலின் உச்சம் 4 இற்கு அருகில் வந்தது. அத்துடன், துணிக்கை ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது என்ற எச்சரிக்கையும் சில நிகழ்வுகளில் மாத்திரம் தோன்றியது. இலட்சம் மியூவோன்களுள் எங்கோ ஒன்றில் எழும் எச்சரிக்கையைத் தொடக்கத்திலிருந்து ஓட்டித் தேடுவது, மின்வெட்டு வரக்கூடிய வீட்டில் பெரும் சுமை.

ஜியாண்ட்4 இல் ஒவ்வொரு நிகழ்வின் தொடக்கத்திலும் எழுமாற்று எண் இயந்திரத்தின், அதாவது துணிக்கையின் போக்கைத் தீர்மானிக்கும் எண்களை உருவாக்கும் பகுதியின் நிலையைக் கோப்பாகச் சேமிக்கச் செய்யும் கட்டளைகள் உள்ளன. எச்சரிக்கை எழுந்த நிகழ்வின் கோப்பை மீள ஏற்றி, ஒரே ஒரு நிகழ்வை ஓட்டினால், அதே மியூவோன் அதே பாதையில் மீண்டும் செல்கிறது. தடம்பற்றும் விவரத்தின் அளவை 1 ஆக்கியதும், துணிக்கை எடுத்து வைத்த ஒவ்வோர் அடியும், அது நின்ற பகுதியின் பெயர், அடியின் நீளம், இழந்த சக்தி ஆகியவற்றோடு அட்டவணையாக விரிந்தது. அதில் ஒரு வரிதான் எனக்கு வழியைக் காட்டியது: 10 மி.மீ. என்று நான் எண்ணியிருந்த தகட்டுக்குள் மியூவோன் 20 மி.மீ. பயணித்திருந்தது. ஜியாண்ட்4 இன் பெட்டி வடிவத்துக்கு முழு நீளமன்றி அரை நீளத்தையே கொடுக்க வேண்டும்; நான் முழுத் தடிப்பைக் கொடுத்திருந்தேன். இரட்டித்த தகடு அலுமினியத்தினுள் நுழைந்திருந்தது. பகுதிகள் இவ்வாறு ஒன்றினுள் ஒன்று நுழையும் மேற்பொருந்தலைச் சோதிக்கும் கட்டளையும் அதனையே உறுதிசெய்தது. அச்சோதனையை ஓட்டத்துக்கு முன்னரே செய்திருக்க வேண்டும். ஆனால் அது இயல்பாக ஒவ்வொரு பகுதியின் மேற்பரப்பிலும் 1000 புள்ளிகளையே சோதிப்பதால், மிக மெல்லிய மேற்பொருந்தல் தப்பிவிடலாம். புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது நன்று. பல இழைகளில், அதாவது பல நிகழ்வுகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டுபவர்கள் வழு தேடும்போது ஓர் இழைக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அட்டவணைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இதே வழு ஃபுளூகாவில் எழுந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பெட்டி ஒவ்வோர் அச்சிலும் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கேட்கிறது. அரை நீளம் என்ற பேச்சே இல்லை. ஓட்டத்தைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எழுமாற்று எண்ணின் நிலையைச் சேமிப்பதால், மின்வெட்டுக்குப் பின்னர் தொடரவும் இயலும். ஆனால் நான் பழகிய அளவில், சுற்றின் நடுவில் பிழை நேர்ந்த நிகழ்வை அடைவதற்கு அச்சுற்றின் தொடக்கத்திலிருந்தே வர வேண்டியிருந்தது.

ஃபுளூகாவில் நான் ஓட்டியவை மிகச் சில. கதிர்வீச்சுக் கவச வேலைகளில் இறங்கியதே இல்லை. அத்துறையில் உள்ளோர் என் தெரிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.