வரப்பு இல்லாத தட்டு: டோக்கியோவில் கரே சாப்பிட்ட கடைகள்

டோக்கியோவுக்கு வந்த முதல் வாரம், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் கரே ரைஸ் வாங்கினேன். நீள்வட்டத் தட்டில் ஒரு பாதி சோறு, மறுபாதி மண்ணிறத்தில் கெட்டியான குழம்பு. மதுரைக்காரிக்கு அதைப் பார்த்ததும் கை என்ன செய்யும்? ஸ்பூனை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தேன். எதிரே இருந்த தோழி என்னைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இங்கே பெரும்பாலும் கலக்க மாட்டோம். ஓரத்திலிருந்து கொஞ்சம் சோறு, கொஞ்சம் கரே என்று எடுத்துக்கொள்." அவள் தட்டைப் பார்த்தேன். சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவே வரப்பு மாதிரி ஒரு கோடு. கடைசி வாய் வரைக்கும் அந்த வரப்பு கலையவில்லை.

அந்தக் கடையை எனக்குப் பிடிக்கவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது, குழம்பின் மேல் ஆடை படிந்திருந்தது. ஆனால் அந்த வரப்பு மனதில் நின்றுவிட்டது. இந்த எட்டு வருஷத்தில் எந்தக் கரே கடைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சோறும் குழம்பும் ஒன்றோடு ஒன்று சேர்கின்றனவா, இல்லை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றனவா? நான் கடைகளைத் தரம் பிரிப்பது இதை வைத்துத்தான்.

வரப்பு ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கரே ஜப்பானுக்கு நம்மிடமிருந்து நேராகப் போகவில்லை. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஆங்கிலேயர் வழியாகப் போனது. கொழுப்பில் கோதுமை மாவை வறுத்து, கறிமசாலாப் பொடி கலந்து குழம்பைக் கெட்டியாக்கும் முறையும் அவர்களோடுதான் போனது. அந்த மாவுதான் குழம்பை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. அரிசியும் குட்டை அரிசி. ஒட்டிக்கொண்டு கட்டியாக நிற்கும். இரண்டும் அதனதன் இடத்தில் நிற்பதில் ஆச்சரியமில்லை. நம் 'கறி' என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கரே' ஆகி இங்கே குடியேறியிருக்கிறது. சொல்லைப் பார்த்துவிட்டு நம்மூர்க் குழம்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இதைத் தனிச் சாப்பாடாக நினைத்துப் போங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் போவது எப்படியும் கோகோ இச்சிபான்யாவாகத்தான் இருக்கும். 1978இல் ஐச்சி மாகாணத்தில் ஒரே கடையாகத் தொடங்கியது, இன்று எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் கண்ணில் படுகிறது. சோறு எத்தனை கிராம், காரம் எத்தனையாவது படி, மேலே என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் நாமே சொல்லலாம். ஒரு விஷயத்தை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கரே சாஸில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது இங்கே சர்வ சாதாரணம். கடையில் விற்கும் கரேக் கட்டிகளிலும் அப்படித்தான். 'காய்கறிக் கரே' என்று எழுதியிருந்தால் மேலே காய் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கோகோ இச்சியில் இறைச்சிப் பொருள் எதுவும் சேராத சாஸ் தனியாக வைத்திருக்கிறார்கள். 'பெஜி கரே' என்று கேட்க வேண்டும். சைவம் சாப்பிடும் என் தோழிகளை நான் கூசாமல் கூட்டிப் போவது அங்கேதான். ருசி சராசரி, ஆனால் எந்தக் கிளையிலும் மாறாது. மழை நாளில் வேலை முடிந்து வரும்போது அதுவே போதும்.

கோ கோ கரி என்ற கடைத்தொடரைப் பற்றி ஒரு வார்த்தை. கனசாவா ஊர்ப் பாணி: எவர்சில்வர் தட்டு, துருவிய முட்டைக்கோஸ், பொரித்த பன்றி இறைச்சித் துண்டு, சாப்பிட முள்கரண்டி. குழம்பு அவ்வளவு கெட்டி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அங்கே வரப்பு மதில் சுவராகவே தெரிந்தது.

சரி, கரேக்காகவே ஒரு நாளை ஒதுக்குகிறீர்கள் என்றால் ஜிம்போச்சோவுக்குப் போங்கள். பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும் பேட்டை அது. ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிடக் கரே வசதி, அதனால்தான் இங்கே கரே கடைகள் பெருகின என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணம் பிடித்திருக்கிறது.

அங்கே எல்லோரும் வரிசையில் நிற்பது போன்டிக்கு. 1973இல் தொடங்கிய கடை. பழைய புத்தகக் கடைகள் இருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில், பின்பக்கம் சுற்றிப் போய் ஏறவேண்டும். உட்கார்ந்ததும் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டு, ஒரு துண்டு வெண்ணெயோடு வரும். சோற்றின் மேல் துருவிய சீஸ் தூவியிருக்கும். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். இதை 'ஐரோப்பியக் கரே' என்கிறார்கள்; பாலும் பழமும் காயும் கரைந்து கலந்த இனிப்பு முதலில் வரும், காரம் தொண்டையில் பிறகுதான் தெரியும். விலை 1500 யென்னுக்கு மேல். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிப் போகத் தகுந்த கடை. ஆனால் பாதித் தட்டுக்கு மேல் எனக்குத் திகட்டிவிடும். உருளைக்கிழங்கை முதலிலேயே தின்று தீர்க்காமல் பாதியை வைத்துக்கொண்டு, கடைசியில் மிச்சக் குழம்பில் மசித்துச் சாப்பிடுங்கள். போன்டியில் எனக்கு மிகவும் பிடித்த வாய் அதுதான்.

பக்கத்திலேயே எத்தியோப்பியா என்ற கடை. காப்பிக் கடையாகத் தொடங்கியதால் அந்தப் பெயர். குழம்பு ஓரளவு நீர்த்தது, மசாலா வாசனை தூக்கலாக இருக்கும். காரம் பூஜ்யத்திலிருந்து 70 மடங்கு வரை. மூன்றோ நான்கோ நமக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேலே போனால் காரம் ஏறுகிறதே தவிர ருசி ஏறவில்லை. கிராம்பு வாசனை பிடிக்கும் என்றால் போன்டியை விட இதையே சொல்வேன்.

காரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு யுஷிமாவில் டெல்லி என்ற கடை இருக்கிறது, 1956லிருந்து. அங்கே காஷ்மீர் கரே கேளுங்கள். கறுப்பாக, ரசம் மாதிரி தண்ணியாக இருக்கும். சோற்றில் ஊற்றிய உடனே அடிவரைக்கும் இறங்கிவிடும். கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் ஸ்பூன் நிற்காது.

ஒரு முறை ஒசாகா போனபோது நம்பாவில் ஜியூகென்னில் சாப்பிட்டேன். 1910இல் தொடங்கிய கடை. அங்கே சோற்றையும் குழம்பையும் சமையலறையிலேயே கலந்து, நடுவில் குழி செய்து பச்சை முட்டையை உடைத்து ஊற்றித் தருகிறார்கள். அந்தக் காலத்தில் சோற்றைச் சூடாக வைத்திருக்க வழியில்லை, கொதிக்கும் குழம்போடு கலந்தால் சூடாகப் பரிமாறலாம் என்று தொடங்கிய பழக்கமாம். வரப்பே இல்லாத தட்டு. ஆனால் கலந்தது இன்னொருவர் கை. எவ்வளவு குழம்பு, எவ்வளவு சோறு என்று நான் முடிவு செய்ய இடமில்லாமல் போனது எனக்குக் குறையாகத்தான் பட்டது.

அந்தக் குறை தீர்ந்தது கின்ஸாவில், நாயர் உணவகத்தில். போன வசந்தத்தில் அம்மா வந்திருந்தாள். செர்ரிப் பூ, கோயில், கடல் எல்லாம் பார்த்தாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. போன்டியில் உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டாள். கபுகி நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாயர் கடைக்குக் கடைசி முயற்சியாகத்தான் கூட்டிப் போனேன். திருவனந்தபுரத்துக்காரரான ஏ.எம். நாயர் பொறியியல் படிக்க 1928இல் கியோட்டோவுக்கு வந்தவர். இங்கிருந்தபடியே இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டவர். போர் முடிந்தபின் 1949இல் இந்தக் கடையைத் திறந்தார்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது 'முருகி லஞ்ச்'. பெயரில்தான் லஞ்ச், ராத்திரியும் கிடைக்கும். மஞ்சள் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வெந்த முட்டைக்கோஸ், ஒரு முழுக் கோழிக்கால், சுற்றிலும் குழம்பு. தட்டை வைத்தவர் நகரவில்லை. ஸ்பூனும் முள்கரண்டியும் எடுத்து, காலை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்து, எலும்பை ஒரே இழுப்பில் உருவினார். கறி நாராகப் பிரிந்து சோற்றின் மேல் விழுந்தது. அவ்வளவு நேரம் வெந்திருக்கிறது. எலும்பைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து, "மஸெதே, மஸெதே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பிசைஞ்சு சாப்பிடச் சொல்றாரு, அதானே?" என்றாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, கையால சாப்பிட்டா தப்பா நினைப்பாங்களா?" அதைப் பரிமாறியவரிடம் நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஈரத்துண்டு ஒன்று அதிகமாகக் கொண்டுவந்து வைத்தார். முட்டைக்கோஸ், கிழங்கு, கோழி, குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அம்மா சாப்பிட்டதை அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாகப் பார்த்தேன். மிச்சம் வைக்கவில்லை.

நேர்மையாகச் சொன்னால் நாயர் குழம்பில் நம் கோழிக்குழம்பின் காரசாரம் கிடையாது. எழுபது வருஷத்துக்கு மேலாக ஜப்பானிய நாக்குக்குச் சமைத்த கை அது. ஆனால் கரே சாப்பிடும் ஊரில், கலந்து சாப்பிடுங்கள் என்று தட்டுக்குத் தட்டு வாய்திறந்து சொல்லும் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வயதான பெற்றோரைக் கூட்டிவருகிறவர்கள் நேராக இங்கே வாருங்கள்.

நாயருக்கு முன்னோடி ஷின்ஜுகு நகமுராயா. வங்காளப் புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தபோது, நாடு கடத்தும் உத்தரவிலிருந்து அவரைத் தங்கள் ரொட்டிக்கடையான நகமுராயாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது சோமா குடும்பம். அவர்கள் மகள் தொஷிகோ அவரை 1918இல் மணந்து, 1925இல் சின்ன வயதிலேயே இறந்தார். 1927இல் கடையில் உணவுக்கூடம் திறந்தபோது, போஸின் வழிகாட்டலில் 'இந்தியக் கரி' பட்டியலுக்கு வந்தது. மற்ற இடங்களில் பத்துப் பன்னிரண்டு சென்னுக்கு (நூறு சென் ஒரு யென்) கரே கிடைத்த நாளில் இங்கே 80 சென். கெட்டியாக்க மாவு கிடையாது, கோழி எலும்போடு. இன்று அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்தின் நிலத்தடியில் மன்னா என்ற உணவகத்தில் அது கிடைக்கிறது. குழம்பு தனிப் பாத்திரத்தில் வரும், ஊறுகாய் வகைகள் பக்கத்தில். இன்றும் விலை அதிகம்தான். தயிரின் புளிப்பும் வெங்காயத்தின் பதமும் அருமை. எலும்போடு கோழி தருவதற்காகவே எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெள்ளை மேஜைத்துணிக்கு நடுவே, அளந்து அளந்து ஊற்றிக்கொண்டு, மனம் விட்டுச் சாப்பிட முடிவதில்லை. வரலாறு தெரிந்து ஒரு முறை போகவேண்டிய இடம். நான் இரண்டு முறை போனேன், அது போதும்.

மாதம் ஒரு முறையாவது நான் போவது கியோஎய்தோவுக்கு. ஜிம்போச்சோவில் சுசுரான் தெருவில், படி இறங்கிப் போகும் நிலத்தடிக் கடை. 1924லிருந்து நடக்கிறது. இங்கே தருவது 'சுமத்ரா கரே': மாவு சேர்க்காமல், இருபதுக்கும் மேற்பட்ட மசாலாப் பொருள்களோடு காயும் இறைச்சியும் கரையும்வரை கொதிக்கவைத்த குழம்பு. முதலில் ஒரு கிண்ணம் சோள சூப் வரும். அது வெறும் உபசாரம் இல்லை, நாக்கைத் தயார் செய்கிறது. அப்புறம் தட்டில் சோறு, பக்கத்தில் குழம்பு. நிறம் கறுப்பு, ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் பச்சை தெரியும். முதல் வாயில் கசப்பு. வறுத்த மசாலாவின் அந்தக் கசப்பு, மிளகுக் குழம்பு வைத்த சட்டியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை வழித்து நக்கினால் வருமே, கிட்டத்தட்ட அது. இரண்டாவது வாயில் கசப்பு போய் இறைச்சியின் சாறு தெரியும். மூன்றாவது வாயில் நான் எதையும் யோசிப்பதில்லை.

குழம்பை ஊற்றிவிட்டு ஒரு நிமிஷம் தொடாமல் பாருங்கள். குட்டை அரிசிச் சோற்றுக்குள் அது மெதுவாக இறங்கி, வெள்ளைச் சோறு கீழிருந்து மேலாகக் கறுக்கும். வரப்பு தானாகவே கரைந்துபோகும், யாரும் கலக்கவில்லை. நம் வீட்டுச் சோறும் குழம்பும் செய்வதும் அதைத்தானே? டோக்கியோவில் ஒரே ஒரு கரேதான் சாப்பிட நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கடையைத்தான் சொல்வேன். கோழி, பன்றி, இறால், மாடு, நாக்கு என்று ஐந்து வகை. மாடு சாப்பிடாத நான் எப்போதும் கோழி, அம்மாவின் தங்கை மகன் வந்தால் இறால். குழம்பின் அடிப்படையில் என்ன சேர்கிறது என்று விரதம் பார்ப்பவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. கூட்டமான மதியத்தில் தட்டு சீக்கிரம் வந்துவிடும், ஆனால் இடம் நெருக்கம். இரண்டு மணிக்கு மேல் போனால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடலாம்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அக்டோபர் வாக்கில் தொடங்கி வசந்தம் வரைக்கும் அங்கே சுட்ட ஆப்பிள் கிடைக்கும். முழு ஆப்பிள், தோல் சுருங்கி, உள்ளே குழைந்து, மேலே கிரீம் ஊற்றித் தருவார்கள். கசப்பும் காரமும் நாக்கில் இருக்கும்போதே அந்தப் புளிப்பு இனிப்பைச் சாப்பிட வேண்டும். கரே கேட்கும்போதே ஆப்பிளையும் சொல்லிவைத்துவிடுங்கள். நான் தாமதமாகக் கேட்ட ஒரு நாள், தீர்ந்துவிட்டது.