பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய்க் களிம்பா, விளக்கெண்ணெய்க் களிம்பா?

எடையில் தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு என எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினால் இரண்டு களிம்புகளும் ஒரே முறையில் தயாராகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால், சென்னைக் கோடையில் அக்களிம்பு தளர்ந்துபோகும். மெழுகைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். எளிதில் பரவுவதால் பகலில் பூச அதுவே வசதி. விளக்கெண்ணெயோ பிசுபிசுப்பு மிக்கது. தரையில் கால் வழுக்கும், விரிப்பில் கறை படியும். ஆயினும், இரவில் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரம் முற்றிலும் உலரும் முன் பூசிப் பருத்திக் காலுறை அணிந்துகொள்பவர்களுக்கு, வெடிப்பின் மேல் நெடுநேரம் தங்கி ஈரத்தைக் காக்கும் அதையே நான் பரிந்துரைப்பேன். மஞ்சள் சேர்ப்பது அவரவர் விருப்பம். இரத்தம் கசியும் வெடிப்புக்கும், நீரிழிவு உள்ளவர்களின் பாதங்களுக்கும் இவ்விரண்டுமே போதா. மருத்துவரை அணுக வேண்டும்.