ஸ்பீக்கர் சரவுண்டுக்கு எந்தப் பசை: நான்கு கோடைக்குப் பிறகு

வேலூர் சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் அப்பா வாங்கிவைத்த ஸ்பீக்கர் ஜோடி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. எட்டு அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), காகிதக் கோன், அதைச் சுற்றி ரப்பர் சரவுண்டு, அதாவது கோனை ஃபிரேமோடு இணைக்கும் வளையும் விளிம்பு. 2021 கோடையில், தவில் அடி விழும்போதெல்லாம் வலதுபக்கப் பெட்டியில் 'பர்ர்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், போய்விட்டது என்றுதான் பயந்தேன். முன்துணியைக் கழற்றி, பாட்டு ஓடும்போதே விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு சுற்றிவந்தேன். ஓர் இடத்தில் விரல் வைத்ததும் சத்தம் நின்றது. அங்கே நான்கு விரற்கடை நீளத்துக்குச் சரவுண்டு இரும்பு ஃபிரேமை விட்டு எழும்பியிருந்தது.

முதலில், வீட்டில் இருந்த உடனடிப் பசையில் இரண்டு சொட்டு விட்டேன். அரை நிமிடத்தில் பிடித்தது, இரண்டு மாதம் தாங்கியது. அந்த வகைப் பசை காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகிவிடும். சரவுண்டோ நொடிக்குப் பல பத்து முறை மடங்கி நிமிர்கிற உறுப்பு. இரண்டும் சேர்ந்து வாழ முடியாது. விரிசல் விட்டதோடு, ரப்பர்மேல் வெள்ளைப் படலமும் படிந்துவிட்டது. இரண்டு டியூபைக் கலக்கிப் பூசும் எபாக்ஸியையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது மரவேலைக்கான வெள்ளைப் பசை. காகிதத்தையும் ஃபோமையும் அருமையாகப் பிடிக்கும். மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும். ஆனால் எனக்கு ஒட்ட வேண்டியது ரப்பரையும் இரும்பையும். இரண்டிலும் அது ஊறி இறங்க வழியில்லை. அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடிய மழையில் வீடே ஈரமாகக் கிடந்தது. ஒட்டு தோல் உரிவதுபோல் வந்துவிட்டது.

வழி சொன்னவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா. அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஷூ அடிப்பாகம் தினம் எத்தன தரம் மடங்குது? அது பிரியுதா?" ரப்பர் கலந்த காண்டாக்ட் பசைதான் அங்கே ஓடுகிறது. நான் வாங்கியது ஃபெவிகால் எஸ்.ஆர். 998.

பசையைவிடப் பூசும் முறைதான் முக்கியம் என்று அப்புறம்தான் புரிந்தது. பழைய பசையை மொண்ணைக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சில் பசையை எடுத்து, ரப்பரிலும் ஃபிரேமிலும் மெல்லிசாகத் தடவினேன். உடனே ஒட்டப் போன கையைச் சித்தப்பா தடுத்தார். "ஈரத்தோட ஒட்டாதடா. தொட்டா விரல் பிடிக்கணும், ஆனா பசை விரலோட வரக்கூடாது. அப்போ வெச்சு அழுத்து." வேலூர் வெயிலில் பத்து நிமிடத்திலேயே அந்தப் பதம் வந்துவிட்டது. அழுத்திவிட்டு ஒருநாள் முழுக்க ஸ்பீக்கரைத் தொடவில்லை. பசை வாடை தலையைச் சுற்ற வைக்கும். மொட்டைமாடியிலோ திண்ணையிலோ, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள்.

மறுநாள் இரண்டு கையாலும் கோனைச் சமமாக உள்ளே அழுத்திப் பார்த்தேன். உரசல் இல்லை. போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட்டியபோதும் சுத்தமாக இருந்தது.

அது 2022 பிப்ரவரி. அதற்குப் பிறகு நான்கு கத்திரி வெயில் போயிற்று. ஒட்டு இளகவில்லை, இறுகவும் இல்லை. ஓரத்தில் பிதுங்கி நின்ற பசை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது சரவுண்டின் ஒரு பகுதி மட்டும் பிரிந்திருந்தால் சரிவரும். முழுச் சரவுண்டையே மாற்றுகிறீர்கள் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். காண்டாக்ட் பசை வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கோன் ஒரு மயிரிழை விலகினாலும் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசும், திருத்த முடியாது. காகிதக் கோனுக்கு ஃபோம் சரவுண்டு போடுகிறவர்களுக்கு அந்த வெள்ளைப் பசையே நல்லது. ஃபோமில் காண்டாக்ட் பசையைத் தடவும் முன், வெட்டிப்போட்ட துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதிலுள்ள கரைப்பான் சில ஃபோமை அரித்துவிடும். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் கோனில் இவை எதுவுமே ஒழுங்காகப் பிடிக்காது. அதற்குத் தனி பிரைமர் (பசைக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசித்தான் ஒட்ட வேண்டும்.