பெயர் இல்லாத மாத்திரையை விழுங்காதீர்கள்: முடி சிகிச்சை என்று போய் நான் பட்டது

முன்நெற்றி முடி அப்படியேதான் இருந்தது. உச்சி வகிடுதான் மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போனது. போர் தண்ணிதான் காரணம் என்றாள் அம்மா. கிணற்றுத் தண்ணீரில் குளித்துப் பார்த்தேன், அம்மா காய்ச்சித் தந்த எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு வருடம் போனது. அப்புறம் மைனி வாட்ஸ்அப்பில் நாகர்கோவில் கிளினிக் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பினார். மூன்று மாதத்தில் புது முடி, இல்லையென்றால் பணம் வாபஸ் என்று போட்டிருந்தது.

தக்கலையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சின்னக் கேமரா ஒன்றை என் தலையில் வைத்து டிவியில் காட்டினார். "பாருங்கக்கா, வேர் பாதி செத்துப் போச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். எனக்குக் கை நடுங்கியது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, காய்ச்சல் ஏதும் வந்ததா, அம்மாவுக்கு முடி எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை. பேக்கேஜ் 32,000 ரூபாய். அன்றைக்கே 20,000 கட்டினால் ஒரு பிஆர்பி ஊசி இலவசம் என்றார்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணம். ஜிபேயில் போட்டுவிட்டேன்.

பிஆர்பி பொய்யான சிகிச்சை இல்லை. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துத் தலையில் போடுவார்கள். தோல் டாக்டர்கள் செய்வதுதான். எனக்குப் போட்டவர் டாக்டரா என்று நான் கேட்கவில்லை, அது என் தவறு.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளைக் காகிதக் கவரைப் பற்றி. அதற்குள் இரண்டு வகை மாத்திரை, உதிரியாக. கவர் மேலே 'காலை 1, இரவு 1' என்று பேனாவில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். தலையில் தேய்க்கத் தந்த பாட்டிலிலும் லேபிள் இல்லை. பெயர் கேட்டதற்கு, "எங்க சொந்த ஃபார்முலாக்கா, வெளியில கிடைக்காது" என்றார்கள். இரண்டாம் மாதம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பழையது போனால்தான் புதுசு வரும் என்றார்கள். ஐந்து மாதம் அந்த மாத்திரையை விழுங்கினேன்.

வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார், இரண்டாவது குழந்தைக்குப் பார்க்கலாம் என்று பேசியிருந்தோம். அதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா கவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். முடிக்காகக் கொடுக்கும் மாத்திரைகளில் ஃபினாஸ்டெரைடு, ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி சில உண்டு. அவற்றைச் சாப்பிடும்போது கர்ப்பமானால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். என் கவரில் இருப்பது அதுதானா என்று அவருக்கும் தெரியவில்லை. முதலில் கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று வரும்வரை நான் இருந்த நிலையை எழுத முடியாது. அன்றே எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் கலந்திருந்தால் தைராய்டு ரிசல்ட்டே தப்பாகக் காட்டலாம் என்று ரத்தப் பரிசோதனையையும் ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

அவர் தலையைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு வகிடு, பின்னால் ஒரு வகிடு எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார். கொஞ்சம் முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். லென்ஸில் பார்த்துவிட்டு, தடித்த முடியும் ஒல்லி முடியும் கலந்து கிடக்கிறது, வேர் சாகவில்லை, மெலிகிறது என்றார். இது பரம்பரையாகப் பெண்களுக்கு வரும் முடி மெலிதல்தானாம். காய்ச்சல், பிரசவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது வேறு, அது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். எது என்று தெரியாமல் எதற்கு மருந்து கொடுப்பது? ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது, இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின்தான் குறைவு.

இந்த முடி மெலிதலுக்கு மினாக்சிடில் என்ற மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் பெண்களுக்கு 1991 முதலே அனுமதி பெற்றது, ரகசிய ஃபார்முலா ஒன்றும் இல்லை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டவும் செய்யும், நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். கர்ப்பக் காலத்தில் கூடாது. அதனால் எனக்கு இப்போது இரும்புச் சத்து மாத்திரை மட்டும்தான். குழந்தை விஷயத்தையும் சில மாதம் தள்ளிப்போட்டோம். அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாதியில் நிறுத்தியது நீங்கள்தான் என்றார்கள். வழுக்கையைக் குணமாக்கும், புது முடி வளர்க்கும் என்று எந்த மருந்துக்கும் உறுதி சொல்லக் கூடாது என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, மிச்ச மாத்திரை எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம்.

மைனியின் தங்கச்சியும் அதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். நேற்று திங்கள்சந்தைக்குப் போய் அவளைப் பார்த்தேன். அதே வெள்ளைக் கவர், அதே பேனா எழுத்து. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாளை காலை அவளை ஆசாரிப்பள்ளம் கூட்டிப்போகிறேன்.