கோலாவா, கற்கண்டா: சீனத்துக் கோழி இறக்கைக்கு எது பொருத்தம்?

சீன வீடுகளில் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் உணவுகளில் கோலா கோழி இறக்கையும் ஒன்று. இறக்கையின் நடுத்துண்டுகளை வாணலியில் இருபுறமும் சிவக்கவைத்து, இஞ்சியும் சோயா சாஸும் ஒரு டின் கோலாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, குழம்பு பாகாகி ஒட்டும்வரை வற்றவிடுவார்கள். பரம்பரைச் சமையல் அல்ல இது. கோகோ கோலா 1927-லேயே ஷாங்காய்க்கு வந்துவிட்டாலும், 1949-க்குப் பிறகு சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறி 1979-இல்தான் திரும்பி வந்தது. பானம் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டிய பிறகே இந்தச் சமையல் வீடு வீடாகப் பரவியிருக்க முடியும்.

இதற்குப் போட்டியாக நிற்பது மூத்த முறையான ஹோங்ஷாவ். கற்கண்டை எண்ணெயில் உருக்கிச் சிவக்கவைத்து, அதில் இறைச்சியைப் புரட்டி, சோயா சாஸும் ஷாவ்ஷிங் அரிசி மதுவும் நட்சத்திர சோம்பும் சேர்த்து வேகவைப்பார்கள். பன்றியின் கொழுப்படர்ந்த வயிற்றுப்பகுதி இறைச்சியால் பேர்பெற்ற முறை என்றாலும் இறக்கைக்கும் அப்படியே பொருந்தும். தட்டில் வைத்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. கோலா எளிது, கற்கண்டு அசல் என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

கோலாவின் பலம் அதன் நுரையில் இருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. கொதி வந்த சற்று நேரத்திலேயே வாயு வெளியேறிவிடும். திறந்துவைத்துச் சப்பென்று போன கோலாவில் சமைத்தாலும் இறக்கை அதே பதத்தில்தான் வருகிறது. வேலை செய்பவை அமிலமும் சர்க்கரையும். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. சர்க்கரையை அமிலத்தோடு கொதிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். இப்படிக் கலந்த பாகு எளிதில் படிகமாகிப் பூத்துப்போவதில்லை. குலாப் ஜாமூன் பாகில் எலுமிச்சை பிழிவதும் இதே காரணத்துக்காகத்தான். இறக்கையின் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதம் பசைபோன்ற ஜெலட்டினாக இளகிக் குழம்பில் இறங்குவதால் சோளமாவு கரைத்து ஊற்றவும் தேவையில்லை. பாகு காய்ச்சிப் பழகாதவர் கையிலும் பளபளப்பு தவறாமல் வரும். கோலாவை நான் மனமாரப் பாராட்டுவது இதற்காகத்தான்.

அமிலத்தின் மெல்லிய புளிப்பு இனிப்பைத் திகட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இஞ்சியும் சேர்ந்தால் இன்னும் நன்று. சளி பிடித்தால் கோலாவில் இஞ்சியைப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் சீனாவில் இருப்பதால், அந்தச் சேர்க்கை அங்கே நாக்குக்கு ஏற்கெனவே பழகியது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோலாவில் தண்ணீரும் சர்க்கரையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன. 330 மில்லி டின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. அரை கிலோ இறக்கைக்கு இது கணக்காகப் பொருந்தும். வாணலி அகலமாக இருந்து, இறக்கைகள் முங்கவில்லையே என்று 500 மில்லி பாட்டிலை முழுவதும் கவிழ்த்தால் சர்க்கரை 50 கிராமைத் தாண்டிவிடும். அது கறியாக இராது, மிட்டாயாகிவிடும். இனிப்பைக் குறைக்கக் கோலாவைக் குறைத்தாலோ, இறைச்சி வேகும் முன்பே குழம்பு வற்றி அடிபிடிக்கும். குறைத்த அளவுக்கு வெந்நீர் ஊற்றலாம் என்பதைச் சமையல் குறிப்புகள் அபூர்வமாகவே சொல்கின்றன. ஆகவே கோலா எளிது என்பது, ஒரு டின்னுக்கு அரை கிலோ என்ற எல்லைக்குள் நிற்கும்வரைதான்.

கற்கண்டு முறையில் இந்தக் கட்டு இல்லை. சர்க்கரை தனி, நீர் தனி. அரை கிலோவுக்கு 20 கிராம் போதும். இனிப்பு வேண்டாதவர் 15 கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் மளிகைக்கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைக் கற்கண்டே போதுமானது, தட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் உருக்கினால் முதலில் தெளிந்து, பிறகு தேன் நிறமாகி, செம்பழுப்பில் பொடிநுரை கட்டும். அந்தக் கணத்தில் இறக்கையைப் போட வேண்டும். சில விநாடி தாமதித்தாலும் கசப்பு ஏறிவிடும், அந்தக் கசப்பைப் பிறகு எதனாலும் மாற்ற முடியாது. இறக்கையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், துடைத்துவிட்டே போடுங்கள். ஊற்றுவதும் வெந்நீராகவே இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் பாகு இறுகிக் கட்டியாகிவிடும்.

இவ்வளவு கவனத்துக்கும் பலன் உண்டு. சிவந்த சர்க்கரையில் இனிப்போடு லேசான கசப்பும் வறுத்த மணமும் சேர்ந்திருக்கும். வெறும் சோற்றில் அந்தக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டால் வேறு தொடுகறி வேண்டியதில்லை. கோலா இறக்கையின் சுவை முதல் கடியிலேயே முழுதாகத் தெரிந்துவிடுகிறது. மூன்றாவது துண்டில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. சோற்றோடு சாப்பிட என்றால் என் ஓட்டு கற்கண்டுக்கே.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலுமிச்சை சோடா வகைகளில் அமிலமும் சர்க்கரையும் இருப்பதால் பாகு வரும். நிறம் வராது, டார்க் சோயா சாஸைக் கூட்டிப்போட வேண்டும். சர்க்கரையில்லாக் கோலா இதற்கு உதவவே உதவாது. பாகாக அதில் எதுவும் இல்லை, அதில் வழக்கமாகச் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பும் நெடுநேரக் கொதியில் இனிப்பை இழக்கும். ஹாங்காங்கின் சுவிஸ் இறக்கை தனி இனம். 1860-இல் குவாங்சோவில் தொடங்கிய தாய் பிங் கூன் உணவகத்தால் புகழ்பெற்ற அது, இனிப்பு சோயா குழம்பில் வெந்து ஊறுவது. ஒட்டும் பாகை எதிர்பார்த்து அதைச் சாப்பிட்டால் ஏமாற்றமே.

கூட்டம் வந்து ஒரு கிலோ சமைக்க நேர்ந்தால் இரண்டு டின் கோலாவை ஊற்றாதீர்கள். அத்தனை நீரும் வற்றுவதற்குள் இறக்கை எலும்பிலிருந்து கழன்று உதிர்ந்துவிடும். 15 கிராம் கற்கண்டைச் சிவக்கவைத்து இறக்கையைப் புரட்டி, ஒரு டின் கோலாவும் நான்கு மேசைக்கரண்டி லைட் சோயா சாஸும் நிறத்துக்குச் சிறிது டார்க் சோயா சாஸும் சேர்த்து, தேவைக்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். கற்கண்டின் மணமும் கோலாவின் பூக்காத பாகும் ஒன்றாகவே கிடைக்கும். உப்பைத் தொடக்கத்தில் போட வேண்டாம், வற்ற வற்ற சோயாவின் உப்பே ஏறிக்கொண்டு வரும். மூடி வைத்து 15 நிமிடம் வெந்ததும், மூடியை எடுத்துத் தீயைக் கூட்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். சிறு குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும்போது, இன்னும் கொஞ்சம் இளகலாக இருக்கிறதே என்று தோன்றும் பதத்திலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆற ஆறப் பாகு தானே இறுகும்.