சோடர்மால்மில் வீடு எடுக்கப் போகிறவர்களுக்கு: 850 யூரோ போய்விட்டது, நீங்களாவது தப்பியுங்கள்

850 யூரோ. ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் தீவில், சமையலறையோடு கூடிய ஒரு சின்ன வீட்டுக்கு, ஐந்து இரவுக்கான வாடகை. அப்படி ஒரு வீடே கிடையாது என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டிகளோடு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. இன்று திங்கள். கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கோடை விடுமுறைக்கு இதே தீவில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பீர்கள்.

தளத்தின் பெயர் வேண்டாம். சில நாள், சில வாரத் தங்கலுக்கு வீடுகளைப் பட்டியல் போடும் தளம். விளம்பரம், உள்ளேயே ஒரு செய்திப் பெட்டி, வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சைக் குறி. அவருடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் வேலை செய்கின்றன என்பதைத் தவிர அந்தக் குறிக்கு வேறு பொருள் இல்லை. உதவிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருக்கிறார்கள். பணம் போன பிறகுதான் அங்கே போய்ப் படிக்கிறோம்.

எங்கே விழுந்தோம் என்று சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். விலையைப் பார்த்து விழவில்லை. இரவுக்கு 195 யூரோ என்று போட்டிருந்தான், அந்தப் பகுதிக்கு அது சந்தேகம் வரும்படியான மலிவு இல்லை. அவன் காட்டிய அக்கறையில்தான் விழுந்தோம். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், புறநகர் ரயிலிலும் அர்லாண்டா நிலையத்தில் ஏறி இறங்கத் தனிக் கட்டணம் பிடுங்குவார்கள், 583ஆம் எண் பேருந்தில் மேர்ஸ்டா வரை வந்து அங்கே புறநகர் ரயிலைப் பிடியுங்கள், ஸ்டாக்ஹோம் சோட்ரா நிலையத்தில் இறங்கினால் தீவுக்குள்ளேயே வந்துவிடுவீர்கள் என்றான். சரியான தகவல். அப்படித்தான் வந்தோம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அரசு மதுக்கடை மூடிவிடும், ஞாயிறு திறக்கவே திறக்காது என்றான். அதுவும் சரி. மொண்டேலியஸ்வேகன் பாறைப் பாதைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், சோஃபியா தேவாலயம் இருக்கும் வீத்தா பெரியன் குன்றில் காலையில் ஆளே இருக்காது, ஹோர்ன்ஸ்டுல் சந்தை வார இறுதியில் மட்டும்தான் என்றெல்லாம் வரிசையாக எழுதினான். வீட்டைத் தவிர அவன் சொன்ன எல்லாமே உண்மை. ஊரை இவ்வளவு தெரிந்தவன் அங்கே வீடு வைத்திருப்பவனாகத்தான் இருப்பான் என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பணப் பேச்சை எடுத்தான். தளத்தின் வழியாக அட்டையில் கட்டினால் அவர்களுடைய கட்டணம் ஏறும், பணமும் இரண்டு வாரம் அவர்களிடமே கிடக்கும், நேராக வங்கிக்கு அனுப்பினால் இரவுக்கு 170 போதும் என்றான். ஐந்து இரவுக்கு 850. கையெழுத்தோடு ஒப்பந்தம், கூடவே ஒரு பாஸ்போர்ட் படம். பதிலுக்கு எங்கள் பாஸ்போர்ட் படத்தையும் கேட்டான், அனுப்பினோம். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அவன் அனுப்பியது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கும். எங்களுடையது அடுத்தவரை ஏமாற்றப் போகும்.

வங்கிச் செயலியில் கணக்கு எண்ணைப் போட்டதும் 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்தது. யூரோ புழங்கும் நாடுகளின் வங்கிகள் 2025 அக்டோபர் முதல் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். நின்றோம், கேட்டோம். "கணக்கு என் மனைவி பெயரில் இருக்கிறது, எல்லோருக்கும் இப்படித்தான் காட்டுகிறது" என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பொத்தானை அழுத்தினோம். உடனடிப் பரிமாற்றம், பத்து விநாடி, 850 யூரோ போயிற்று.

வெள்ளிக்கிழமை ஆறரை மணி. நீதோரியெட் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெரு. வாசலில் நான்கு இலக்கக் குறியீடு அடித்தால்தான் கதவு திறக்கும். ஸ்வீடனில் அதற்குப் போர்ட்கோட் என்று பெயர். அவன் கொடுத்தது வேலை செய்யவில்லை. "நேற்று மாற்றியிருப்பார்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்றான். பிறகு "ஐந்து நிமிடம்". பிறகு "சாவிப் பெட்டி சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருக்கிறது, உள்ளே போனால் தெரியும்". எட்டரை மணிக்குச் செய்தி போவதே நின்றது. ஒன்பது மணிக்கு நாயோடு வெளியே வந்த ஒரு பெரியம்மாதான் எங்களை உள்ளே விட்டு, கூடத்துச் சுவரில் மாடிவாரியாகக் குடும்பப் பெயர்கள் எழுதியிருந்த பலகையைக் காட்டினார். "எந்த எண் கொடுத்தான்?" என்று கேட்டார். 1602 என்றோம். "இந்தப் படிக்கட்டில் 14க்கு மேல் எதுவுமே இல்லை. இந்த வசந்தத்தில் இப்படி வந்து நிற்கிறவர்களில் நீங்கள் மூன்றாவது" என்றார்.

அந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இது தெரிந்திருந்தால் வீட்டிலிருந்தபடியே பிடித்திருப்போம். ஸ்வீடனில் அடுக்குமாடி வீட்டுக்கு நான்கு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாடி. வாசல் இருக்கும் தளம் 10, அதற்கு ஒரு மாடி மேலே 11, அடுத்தது 12. கடைசி இரண்டு இலக்கம் அந்த மாடியில் எத்தனையாவது கதவு என்பது. ஆக 1602 என்றால் வாசலிலிருந்து ஆறு மாடி மேலே. அந்தக் கட்டடத்துக்கு வாசல் தளத்தையும் சேர்த்தே ஐந்து தளம்தான். இணைய வரைபடத்தின் தெருக் காட்சியில் ஜன்னல் வரிசையை எண்ணியிருந்தால் ஒரு நிமிட வேலை.

படமும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பால்கனிப் படத்தில் காலடியில் தண்ணீர், எதிர்க்கரையில் நகர மன்றத்தின் செங்கல் கோபுரம். அந்தக் காட்சி தீவின் வடக்கு விளிம்பில், மரியாபெரியெட், மொண்டேலியஸ்வேகன் இருக்கும் பாறை மேட்டிலிருந்து கிடைப்பது. நீதோரியெட் இருப்பது தென்கிழக்கில், தீவின் உள்பக்கம். ஃபோல்குங்காகாத்தன் தெருவுக்குத் தெற்கே இருப்பதால்தான் அந்தப் பகுதிக்கு சோஃபோ என்று பெயரே வந்தது. அங்கே பால்கனிக்குக் கீழே தண்ணீர் வர வழியில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாளுக்கு நடைவழி போட்ட நாங்கள், ஒரு படத்தை அந்த வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை.

வங்கிக் கணக்கு எண் மூன்றாவது. ஸ்வீடன் கணக்கு எஸ்இ என்ற எழுத்துகளில் தொடங்கும், மொத்தம் 24 எழுத்தும் எண்ணும். அவன் கொடுத்தது எல்டி, அதாவது லிதுவேனியா. அங்கே கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் தலைமுறையாக சோடர்மால்மில் வாழ்வதாகச் சொல்கிறவனுக்கு வாடகை வாங்க ஒரு ஸ்வீடன் கணக்குகூடவா இருக்காது?

இனி கைவிரித்த கதை. தளத்துக்கு வெள்ளி இரவே எழுதினோம். முதலில் தானியங்கிப் பதில். சனிக்கிழமை, "பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்ததால் உதவ இயலவில்லை". வெளியே அனுப்பச் சொல்லி அவன் எழுதியது இவர்களுடைய செய்திப் பெட்டிக்குள்தான், படம் பிடித்து அனுப்பினோம். ஞாயிறு காலை புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். 850 யூரோவைத் தொலைத்தவர்களிடம் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டு அடுத்த மின்னஞ்சல்.

வங்கி? நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு, "நீங்களே அனுமதித்த பரிமாற்றம். பெயர் பொருந்தவில்லை என்று எச்சரித்தும் இருக்கிறோம்." திரும்பப் பெறும் கோரிக்கை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வங்கி ஒத்துக்கொண்டு, கணக்கில் பணமும் மிச்சம் இருந்தால்தான் ஏதாவது வரும். உடனடிப் பரிமாற்றத்தில் பணம் எங்கே நிற்கப் போகிறது?

போலீஸ் ஒன்றுதான் மரியாதையாகப் பேசியது. அவசரமில்லாத புகாருக்கு 114 14, வெளிநாட்டு எண்ணிலிருந்து +46 77 114 14 00. புகார் எண் கொடுத்தார்கள், ஆளைப் பிடிப்போம் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த எண் இல்லாமல் வங்கியோ காப்பீடோ எதையும் நகர்த்தாது, அதனால் அதே இரவில் புகார் கொடுங்கள். நுகர்வோர் குறைதீர் வாரியத்துக்குப் போகலாமே என்று ஒருவர் சொன்னார். அங்கே நிறுவனத்துக்கு எதிரான வழக்கை மட்டும்தான் எடுப்பார்கள், தனியாள் ஏமாற்றியதை எடுக்க மாட்டார்கள்.

850 யூரோ போனது போக, கடைசி நேரத்தில் கிடைத்த விடுதி அறைக்கு அதைவிட அதிகம் ஆயிற்று. வார இறுதி முழுக்கக் கைபேசியும் கையுமாகக் கழிந்தது.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வங்கியிலிருந்து மறுபடி அழைப்பு வருகிறது. அதனால் சுருக்கமாக. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. அட்டையில் மட்டும் கட்டுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், காரணம் கேட்காதீர்கள், காரணம் தயாராகவே இருக்கும். நான்கு இலக்க வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி மாடிகளை எண்ணுங்கள். அஞ்சல் குறியீட்டையும் பாருங்கள்: தீவின் கிழக்குப் பக்கம் 116, மேற்குப் பக்கம் பெரும்பாலும் 118. 121 என்று இருந்தால் அது பாலத்துக்குத் தெற்கே யோஹானஸ்ஹோவ் பக்கம், விளம்பரத்தில் சோடர்மால்ம் என்று எழுதியிருந்தாலும். பாஸ்போர்ட் படம் அனுப்பவே வேண்டாம்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே பால்கனி, அதே செங்கல் கோபுரம், அதே பச்சைக் குறி. தலைப்பில் இப்போது நகரின் வேறொரு பகுதியான வாசாஸ்தான் என்று இருக்கிறது, இரவுக்கு 160 யூரோ. ஜூன் கடைசி வாரம் முழுவதும் காலி என்று காட்டுகிறது.