டிவிடி காப்பி போட டவரா, ரோபோவா, பழைய கம்ப்யூட்டரே போதுமா?

கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கும் குழித்துறைக்கும் இடையில் ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு ஆர்டர் வருவதே ஒரு தனி விதம். பெண் வீடு கேரளத்துப் பாறசாலை, மாப்பிள்ளை வீடு நம் பக்கத்து மார்த்தாண்டம். இரண்டு வீட்டுக்கும் ஆல்பம் போகும். அப்புறம், "பெரியம்மாவுக்கு ஒண்ணு, கல்ஃபில இருக்கிற அண்ணனுக்கு ஒண்ணு" என்று டிவிடி கேட்பார்கள். கல்யாணம் ஒன்றுக்கு நாலைந்து காப்பிக்கு மேல் போகாது. ஆனால் புதுநன்மை (தேவாலயத்தில் குழந்தைகள் முதல் நற்கருணை வாங்கும் சடங்கு) என்றால் குழந்தைக்கு ஒன்று வீதம் 30, 40 வேண்டும். பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டால் ஒரே வாரத்தில் 200. ஆடி மாதம், மலையாளிகளுடைய கர்க்கடகம், இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்து அங்கே சிங்ஙம் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். எந்த மெஷின் வாங்குவது என்று யோசிக்கும்போது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் முதலில் கணக்கில் வைக்க வேண்டும்.

முதல் வழி, இருக்கிற கம்ப்யூட்டரிலேயே போடுவது. பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு மூன்று சாட்டா ரைட்டர் (டிவிடி எழுதும் டிரைவ்) மாட்டி, இம்ஜ்பர்ன் (ImgBurn) மென்பொருளை டிரைவுக்கு ஒன்றாகத் திறந்து வைத்தால் ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் ஓடும். அது இலவசம். 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை என்றாலும் விண்டோஸ் 10-இல் குறையில்லாமல் வேலை செய்கிறது. கல்யாண ஆர்டர் மட்டும் செய்கிறவருக்கு இது போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். எடிட்டிங் செய்கிற கம்ப்யூட்டரில் மட்டும் இதை வைக்காதீர்கள். ரெண்டரும் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை) ரைட்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும், இரண்டுமே தள்ளாடும். இப்போது வரும் கேபினட்களில் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் வைக்க இடமே விடுவதில்லை என்பதால், பழைய கேபினட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது டூப்ளிகேட்டர் டவர், ஒரு டிஸ்க்கிலிருந்து ஒரே நேரத்தில் பல காப்பி எடுக்கும் பெட்டி. ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஏழு, ஒன்றுக்குப் பதினொன்று என்று கிடைக்கிறது. ஒன்றுக்கு ஏழில் உள்ளே இருப்பது மாஸ்டரை, அதாவது மூல டிஸ்க்கைப் படிக்க ஒரு டிரைவ், எழுத ஏழு ரைட்டர், ஒரு கன்ட்ரோலர் போர்டு, ஒரு பவர் சப்ளை, வெளியே சின்னத் திரையும் நாலு பட்டனும். கம்ப்யூட்டர் தேவையில்லை, கடையில் உதவிக்கு நிற்கும் பையன் பத்து நிமிடத்தில் பழகிவிடுவான். எனக்கு இதில் பிடித்த விஷயம், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண டெஸ்க்டாப் ரைட்டர் என்பதுதான். ஒன்று போனால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு ரைட்டர் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம். முடிந்தவரை அதே மாடலாகப் பாருங்கள்.

மூன்றாவது ரோபோ. எப்சனின் டிஸ்க்புரொடியூசர் பிபி-100, பிரைமெராவின் பிராவோ வரிசை போன்றவை. இரண்டு டிரைவ், ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், டிஸ்க்கைத் தூக்கி வைக்கும் ஒரு கை. 100 வெற்று டிஸ்க்கை ஏற்றிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகலாம். காலையில் வந்தால் எழுதி, மேலே படமும் அச்சாகி அடுக்கி இருக்கும். பார்த்த எவருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது.

சரி, 200 டிஸ்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிவிடியில் 1எக்ஸ் வேகம் என்பது நொடிக்கு 1.385 எம்பி. 4.7 ஜிபி நிரம்பிய டிஸ்க்கை 8எக்ஸில் எழுத, தொடக்கமும் முடிப்பும் சேர்த்து 9 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். எழுதியதைத் திரும்பப் படித்து மாஸ்டரோடு ஒப்பிட ஒரு 6 நிமிடம், டிஸ்க் மாற்ற ஒரு நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 16 நிமிடம். ஏழு டிரைவ் டவரில் 29 சுற்று, அதாவது எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று டிரைவ் டவரில் 67 சுற்று, 18 மணி நேரம். ரோபோவுக்கு இரண்டே டிரைவ், எனவே 100 சுற்று. அதே சரிபார்ப்போடு ஓடவிட்டால் 26 மணி நேரத்தைத் தாண்டும், இடையில் ஒரு தடவை டிஸ்க் நிரப்பவும் வேண்டும். பலரும் ரோபோதான் வேகம் என்று நினைக்கிறார்கள். அது நம் கைக்கு ஓய்வு கொடுக்கிறது, வேகம் கொடுப்பது டவர்தான். தினமும் நூறு டிஸ்க் போகிற இடத்துக்கு அந்த ஓய்வு பெரிய விஷயம். வருடத்தில் ஆறேழு தடவை மட்டும் 200 போடுகிற நம் மாதிரி கடைக்கு அது மூலையில் தூசி படிந்து நிற்கும். அதன் இங்க் அதற்கென்றே வரும் கார்ட்ரிட்ஜ். ரோபோவின் கை மக்கர் செய்தால் பக்கத்துத் தெருவில் சரிசெய்ய ஆள் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த 6 நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். நானும் ஒரு ஆண்டு விழா சமயத்தில் அதை விட்டுவிட்டு, 16எக்ஸில் வைத்து ஒரே மாலையில் முடித்தேன். அடுத்த வாரம் பன்னிரண்டு பெற்றோர் திரும்பி வந்தார்கள். கம்ப்யூட்டரில் ஓடுகிற டிஸ்க் அவர்கள் வீட்டுப் பழைய பிளேயரில் பாதியில் நின்றது. தன் மகள் மேடையில் ஆடிய அந்த நாலு நிமிடம்தான் அந்த வீட்டுக்கு முக்கியம், அது சரியாக அந்த இடத்தில் நின்றது. அன்றிலிருந்து 8எக்ஸ்தான், சரிபார்ப்பு இல்லாமல் ஒரு டிஸ்க்கும் கடையை விட்டுப் போவதில்லை. அதனால் டவர் வாங்கும்போது 'காப்பி அண்ட் கம்பேர்' வசதி இருக்கிறதா என்று கேட்டு, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. மாஸ்டரை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், கீறல் விழுந்த மாஸ்டரால் ஏழும் கெட்டுப்போகும் பயம் இல்லை.

இன்னொன்று கரண்ட். எழுதும்போது கரண்ட் போனால் கம்ப்யூட்டரில் இரண்டோ மூன்றோதான் போகும், டவரில் ஏழும் குப்பை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஐப்பசி இடியில் எனக்கு ஒரே நாளில் மூன்று சுற்று போயிருக்கிறது. டவருக்குத் தனி யுபிஎஸ் வையுங்கள். பெரியதாக வேண்டாம், எல்லா டிரைவும் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சுற்று முடிகிற 9 நிமிடம் தாங்கினால் போதும். வாங்கும் இடத்திலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேல் அச்சு விஷயத்தில் ரோபோவுக்கு ஒரு புள்ளி கூடுதல்தான். ஆனால் ஐடி கார்டு அடிக்க நம்மில் பலர் ஏற்கெனவே எப்சன் எல்805 அல்லது எல்8050 வைத்திருக்கிறோம். அதே பிரிண்டரில் டிஸ்க் வைக்கும் தட்டும் உண்டு. டவர் ஒரு சுற்று ஓடுகிற 16 நிமிடத்துக்குள், முந்தைய சுற்றின் ஏழு டிஸ்க்கை ஒவ்வொன்றாக அச்சடித்து முடிக்க முடிகிறது. இரண்டு வேலையும் அழகாகப் பொருந்துகிறது. எழுதிச் சரிபார்த்த பிறகே அச்சடியுங்கள், தோற்ற டிஸ்க்கில் இங்க் வீணாகாது. பெண் வீட்டுக்குப் போகிற டிஸ்க்கில் பெயர்களை மலையாளத்தில் போட்டுக் கொடுங்கள். சின்ன வேலைதான், பாறசாலைப் பக்கம் அடுத்த ஆர்டர் அதனாலேயே வந்திருக்கிறது. காகித ஸ்டிக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். சற்றுத் தள்ளி ஒட்டினாலும் சுழலும்போது டிஸ்க் ஆடும், நம் ஊர் ஈரத்தில் ஓரம் கிளம்பிப் பிளேயருக்குள் சிக்கும்.

மாஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மணி நேர ஆண்டு விழாவை ஒரே 4.7 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் நடனக் காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு மணி நேரம் வரை தரம் நிற்கும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் விலை கூடுதல், பழைய பிளேயர்களில் தகராறும் கூடுதல். நான் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுகிறேன். அப்போது 200 செட் என்பது 400 டிஸ்க், டவரின் ஏழு டிரைவ் தேவைப்படுவது இங்கேதான்.

பென்டிரைவே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிவிடி வீடியோ 720க்கு 576 புள்ளிகளோடு நின்றுவிடுகிறது, பென்டிரைவில் முழு ஹெச்டி கொடுக்கலாம், டிவியிலேயே சொருகிப் பார்க்கலாம். ஒன்றுக்கு ஏழு பென்டிரைவ் டூப்ளிகேட்டரும் கிடைக்கிறது. ஆனால் கல்யாணப் பென்டிரைவில் பாட்டு ஏற்ற இடம் வேண்டுமென்று வீட்டுப் பிள்ளை வீடியோவை அழித்துவிட்டு நம்மிடம் வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை எழுதிய டிவிடியை அப்படி அழிக்க முடியாது. மலிவாக மொத்தமாக வாங்கும் பென்டிரைவில் கொள்ளளவே பொய்யாக இருப்பதும் உண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் முறையில் செய்தால் சில பழைய டிவி படிக்காது. கல்யாணத்துக்கு இரண்டும் கொடுக்கிறேன், ஆண்டு விழாவுக்கு டிவிடி மட்டும்.

டிஸ்க் தொழிலே சுருங்கி வருகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். நாம் எல்லோரும் வாங்கிய டிஸ்க்கைத் தயாரித்த மோசர் பேயர் நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போனது. சோனி எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. அதனால்தான் பெரிய முதலீட்டை ரோபோவில் முடக்காதீர்கள் என்கிறேன், புளூரே டவரும் வேண்டாம். கல்யாணம் மட்டும் என்றால் கம்ப்யூட்டர். பள்ளியும் கோயிலும் பங்குத் திருவிழாவும் உண்டு என்றால் ஏழு டிரைவ் டவர், அதுவும் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். கூடவே இரண்டு ரைட்டரை இப்போதே உபரியாக வாங்கி, கேமரா லென்ஸ் வைக்கும் அதே சிலிக்கா ஜெல் பெட்டியில் போட்டு வையுங்கள். 50 டிஸ்க் ஸ்பிண்டில் (ஒரு தண்டில் அடுக்கி வரும் டப்பா) புது பிராண்டில் வாங்கினால் முதல் ஏழு டிஸ்க்கை ஒரு சுற்று ஓட்டி, இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டுப் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள். அதற்காகவே என் கடை மேசையில் ஒரு பழைய பிளேயரைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.